அக்கா பெயரில் தங்கை: 27 வயதில் மூப்பு கண்ட ஒரு விளையாட்டு நிருபர்

நடந்த பிழை

2025 ஆகஸ்டில் ஒரு நாள், எங்கள் நாளிதழின் தருமபுரி மாவட்டப் பக்கத்தில் குறுவட்ட அளவிலான பள்ளித் தடகளப் போட்டி பற்றிய செய்தி இரண்டு பத்தி அகலத்தில் வெளியானது. 14 வயதுக்குட்பட்ட மாணவிகளுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளி மாணவி முதலிடம். நேரம் 1 நிமிடம் 9 விநாடி. படத்தில் சான்றிதழை மார்போடு அணைத்து நின்றவள் அந்த மாணவிதான். கீழே இருந்த பெயர் அவளுடைய அக்காவின் பெயர். அக்காவும் அதே பள்ளியில் படித்தவள், அதே 400 மீட்டரில் 2019இல் முதலாவதாக வந்தவள். இப்போது அவளுக்கு 22 வயது. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை.

காலை ஏழரை மணிக்குப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் நிருபரை அழைத்தார். கோபப்படவில்லையாம். "என்னப்பா, ஓடியது இவள், ஜெயித்தது அவளா?" என்று சிரித்திருக்கிறார். நிருபருக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மணிக்கு என்னை அழைத்தார்.

"அண்ணா, எனக்கு வயதாகிவிட்டது. முகங்கள் குழம்ப ஆரம்பித்துவிட்டன."

அவருக்கு 27. எனக்கு 51. பல் துலக்கிக்கொண்டிருந்த நான் நுரையோடு சிரித்துவிட்டேன். மறுமுனையில் சத்தம் இல்லை. அந்த மௌனம் நீண்டபோதுதான் மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது.

நான் சேலம் பதிப்பில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியன். அந்தச் செய்தியை முந்தின இரவு 9.50க்குப் பக்கத்தில் ஏற்றியவன் நான். அக்காவின் பெயரை 2019இல் ஏற்றியவனும் நான். எனக்கும் உறைக்கவில்லை. ஆனால் நான் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். அதே பிழைக்கு அவர் மூப்பு என்று பெயர் வைத்தார். ஒரே பிழை, இரண்டு பெயர்கள். இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.

இதில் யாருடைய பெயரும் வராது. ஒரு முறை மாற்றி அச்சிட்டுவிட்டோம்; இந்த முறை பெயரே வேண்டாம்.

நிருபர்

1998இல் பென்னாகரம் பக்கத்தில் பிறந்தவர். பள்ளியில் கபடி ஆடினார். இடது முழங்காலில் அடிபட்டபின் ஆட்டத்தை ஓரத்தில் நின்று பார்க்கிறவரானார். தருமபுரியில் இளங்கலை முடித்த கையோடு 2019 ஜூனில் எங்களிடம் பகுதி நேர நிருபராகச் சேர்ந்தார். அரசியல், குற்றம், விவசாயம் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது. விளையாட்டு மட்டும் அனாதையாகக் கிடந்தது. மூத்த நிருபர்கள் அதைத் தொட மாட்டார்கள். அதில் விளம்பரம் வராது, அமைச்சரும் வர மாட்டார்; வந்தால் பரிசளிப்புக்கு வந்து, முதல் மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆக, விளையாட்டு இவர் தலையில் விழுந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. எங்கள் அலுவலகத்து விளையாட்டுச் செய்தியில் மட்டும் இன்னும் பிரியவில்லை. இரண்டுக்கும் இவர் ஒருவர்தான்.

பகலில் மைதானம். காரிமங்கலத்தில் வாலிபால், அரூரில் கபடி, ஊத்தங்கரையில் சதுரங்கம், தையில் கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழா. இரவில் இணையப் பக்கத்துக்காக ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கித் தருவார். எழுதிய செய்திக்குத் தக்க கூலி, அத்துடன் பெட்ரோலுக்கென்று மாதம் ஒரு சிறு தொகை. பழைய பைக் ஒன்று. தோளில் ஒரு சாம்பல் நிறப் பை. அதன் ஜிப் 2020லேயே போய்விட்டது, ஊக்குக் குத்தி வைத்திருக்கிறார். மாவட்டச் செய்திகளுக்கு நாங்கள் நிருபர் பெயர் போடுவதில்லை. "நமது நிருபர்" என்பதோடு சரி.

தருமபுரியைப் பற்றி எழுதினால் அதியமானின் நெல்லிக்கனியைச் சொல்லியாக வேண்டும் என்று எங்கள் டெஸ்க்கில் எழுதாத விதி ஒன்று உண்டு. மூப்பைப் பற்றிய கட்டுரையில் அது வாகாகவே வந்து உட்காரும். ஆனால் அந்தக் கனி ஔவைக்குப் போனது. நிருபர்களுக்கு யாரும் எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அவர் சேர்த்துவைத்திருந்த சான்றுகள்

பிழை வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பஸ் ஏறி, தொப்பூர்க் கணவாய் தாண்டி, அவர் அறைக்குப் போனேன். தனக்கு வயதாகிவிட்டது என்பதை நிரூபிக்க அவரிடம் ஒரு கோப்பே இருந்தது. நல்ல நிருபர் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

முதல் சான்று, சுற்றறிக்கைகள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் வயது வரம்பு அறிவிப்பார்கள். 14, 17, 19 என்று மூன்று பிரிவுகள். இன்ன ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு கோடு. அந்தக் கோடு ஆண்டுக்கு ஓர் ஆண்டு நகரும். 2019இல், 19 வயதுப் பிரிவுக்கான கோடு 1.1.2001. இவர் பிறந்தது 1998. "மூன்றே வருட வித்தியாசம் அண்ணா. நான்கூட ஓடியிருக்கலாம் போல இருந்தது." 2025இல் அதே கோடு 1.1.2007. 14 வயதுப் பிரிவுக்கு 1.1.2012. சேர்த்துவைத்த சுற்றறிக்கைகளை வரிசையாகக் கட்டிலில் பரப்பிக் காட்டினார். தேதிக் கட்டத்தில் மட்டும் மஞ்சள் மை. ஊர் ஊராகப் போய் ஊதியம் வாங்காமல் தன் வயதை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாவது, விளிப்பு. நம் மொழியில் ஒருவரை வயது பார்க்காமல் கூப்பிட முடியாது. அண்ணா, தம்பி, அக்கா, பாப்பா, சார் என்று வாயைத் திறக்கும் முன்பே மனம் கணக்குப் போட்டுவிடும். 2019இல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இவரை "அண்ணா" என்றார்கள். 2022இல் கலந்து வந்தது. இப்போது "சார்" மட்டும்தான். நடுவில் யாரும் அறிவிக்கவில்லை, ஆணை எதுவும் வரவில்லை. போன தைமாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் எருது விடும் விழாவில், குறித்த தூரத்தைக் குறைந்த விநாடிகளில் கடந்த காளையைப் பற்றி அதன் உடையவரிடம் கேட்டிருக்கிறார். காளைக்கு என்ன வயது? "ஆறு பல்" என்றார் பெரியவர். மாட்டின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்கிற வழக்கம் அங்கே இல்லை. நிலைத்த பற்கள் இரண்டு இரண்டாக முளைக்கும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று போய், எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் பல்லை வைத்து வயது சொல்வது சிரமம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் விலை பேசுகிறவர் முதலில் மாட்டின் வாயைத்தான் திறந்து பார்ப்பார். பெரியவர் இவரையும் ஒரு பார்வை பார்த்து, "உனக்கு எல்லாம் சேர்ந்துவிட்டது போலிருக்கிறதே கண்ணு" என்றாராம். இவர் அதையும் நோட்டில் குறித்திருக்கிறார், தேதியோடு.

மூன்றாவது சான்றைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். 2025 ஏப்ரல் 28 இரவு, ஜெய்ப்பூரில் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் குஜராத் அணிக்கு எதிராக வைபவ் சூர்யவன்ஷி 35 பந்துகளில் சதம் அடித்தார். வயது 14. அந்தச் செய்தியைத் தமிழில் அடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பையனின் பிறந்த தேதியை இவர் பார்த்திருக்கிறார்: 27.3.2011. தோனி சிக்சர் அடித்து உலகக் கோப்பையை முடித்துவைத்தது 2011 ஏப்ரல் 2. "அன்றைக்கு இரவு நான் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துவிட்டுத் தெருவில் பட்டாசு வெடித்தேன் அண்ணா. இந்தப் பையன் பிறந்து ஆறு நாள்." அதற்கு நாலு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியனானபோதும் இதே கணக்கு. தான் பார்க்கும் ஆட்டத்தில் தன்னைவிட இளையவர்கள் மட்டுமே மீந்துவிட்டார்கள், அதனால்தான் மனம் கிழடுதட்டிவிட்டது என்பது அவர் விளக்கம்.

விளக்கத்தை ஏன் ஏற்கவில்லை

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்க்காரன் புத்தி, திருத்தங்களை எண்ணிப் பார்த்தேன். கடந்த 12 மாதங்களில் அவர் எழுதியவற்றில் நாங்கள் "திருத்தம்" வெளியிட்டவை மூன்று. மூன்றுமே பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள். சூர்யவன்ஷி பற்றியோ குகேஷ் பற்றியோ ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. டிவியில் வரும் பையன்கள் இவரை மூப்படையச் செய்தார்கள் என்றால் பிழை அங்கேயல்லவா வந்திருக்க வேண்டும்?

தவிர, எதிர்ச்சான்றுகளும் இவர் கையாலேயே எழுதப்பட்டவை. 2021 ஜனவரியில் கிரிக்கெட் வீரர் நடராஜன் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது, சின்னப்பம்பட்டியில் அவரை ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். சேலம் நிருபருக்குத் துணையாக இவரையும் அனுப்பினோம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன். அப்போது அவருக்கு 29 வயது. இன்றைய நிருபரைவிட இரண்டு வயது மூத்தவர். டென்னிஸில் ரோகன் போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்ற செய்தியும் இவர் தமிழாக்கியதுதான். அதையெல்லாம் நினைவூட்டினேன். "அவர்கள் வேறு அண்ணா" என்று முடித்துவிட்டார்.

இங்கே எங்கள் தொழிலின் மொழியையும் கொஞ்சம் குற்றம் சொல்ல வேண்டும். 33 வயதுக்காரரை "மூத்த வீரர்" என்று தலைப்பில் போடுவது விளையாட்டுப் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும். அதே நாளிதழில் இரண்டு பக்கம் தள்ளிப் பாருங்கள், தலைமுடிக்குச் சாயம் பூசியவர்கள் இளைஞரணியில் இருப்பார்கள். நாள் முழுவதும் "இளம் புயல்", "அனுபவ வீரர்", "விடைபெற்றார்" என்று தட்டச்சு செய்கிற விரல்கள் தன்னையும் ஏதாவது ஒரு சொல்லில் அடைத்துக்கொள்ளத்தான் பார்க்கும். ஆனால் இது துணைக் காரணம்தான். தலைப்பு போட்ட பாவம் எனக்கும் உண்டு, எனக்கு அந்த நோய் வரவில்லை.

நோட்டுகளில் கண்டது

அவரிடம் 11 நோட்டுகள் இருந்தன. 2019 நோட்டையும் 2025 நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதற்குமேல் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

2019 பக்கத்தில் அக்காவின் பெயர் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ஒற்றெழுத்துத் தவறு; அடித்திருக்கிறார். மறுபடி எழுதி, முன்னெழுத்தைச் சேர்த்திருக்கிறார். பிறகு கட்டம் போட்டுப் பெரிய எழுத்தில் ஒரு முறை. அப்பா தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா நூறு நாள் வேலை. காலையில் களி சாப்பிட்டு வந்தாள். ஷூ இல்லை, வெறுங்கால். "தங்கை செருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்றாம் வகுப்பு" என்று ஓரத்தில் ஒரு வரி.

2025 பக்கத்தில், 400 மீ., பள்ளியின் பெயர், 1.09, மார்பு எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு டிக். அவ்வளவுதான். கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார், பள்ளியைப் பார்த்தார், ஓடிய விதத்தைப் பார்த்தார். கடைசி 80 மீட்டரில் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து ஓடுவது அக்காவின் பழக்கம், இவளும் அப்படியே ஓடுகிறாள். பெயர் தானாக வந்து நின்றுவிட்டது. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இதை நினைவு மங்கல் என்று எப்படிச் சொல்வது? ஆறு ஆண்டுக்கு முன் ஒரு பெண் கடைசி 80 மீட்டரில் தலையை எந்தப் பக்கம் சாய்த்தாள் என்பது நினைவிருக்கிற மனிதருக்கு! நினைவு அளவுக்கு மீறி நன்றாக இருந்ததுதான் கோளாறு. புதியவர் இரண்டு முறை கேட்பார். தெரிந்தவர் கேட்க மாட்டார். இது 27 வயதில் வரும், 57லும் வரும். ஆறு ஆண்டு ஒரே வேலையைச் செய்தவருக்கு வரும்.

பிறகு கிருஷ்ணகிரி, தருமபுரி என்று மாறி மாறிக் கேட்டுப் பார்த்தேன். 2019இல் யார் எதில் ஜெயித்தார் என்று கேட்டால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்கிறார். 2022, 2023, 2024 மூன்றும் கலங்கிய குட்டை. முதல் ஆண்டு முகங்கள் கல்லில் வெட்டியவை. மற்றவை அதன்மேல் ஒட்டிய சுவரொட்டிகள். புதிதாக யார் ஜெயித்தாலும் அவர் முதலில் 2019இல்தான் தேடுகிறார்.

ஏன் 2019? இங்கேதான் ஊரின் கணக்கு வருகிறது. மாவட்டப் பள்ளி விளையாட்டில் ஒரு தலைமுறையின் ஆயுள் நாலைந்து ஆண்டு. எட்டாம் வகுப்பில் கண்ணில் படுவார்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தவர்கள், கல்லூரிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போனவர்கள் விதிவிலக்கு; அவர்களையும் அதன்பின் வேறு ஊர் நிருபர் எழுதுவார். இவர் சேர்ந்த முதல் பருவம் முடிவதற்குள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள் முறையாகத் திறக்க 2021 செப்டம்பர் ஆயிற்று. மைதானங்களில் புல் முளைத்தது. திரும்பிவந்து பார்த்தபோது, 2019இல் இவர் எழுதியவர்களில் அனேகமாக ஒருவரும் களத்தில் இல்லை. ஒன்பதாவது படித்த பிள்ளைகள் பதினொன்றாவதில் வந்து நின்றார்கள், மீசையோடு. இடையில் வளர்ந்ததை இவர் பார்க்கவில்லை. இந்த வேலையில் மற்ற நிருபர்களுக்குத் தலைமுறைகள் ஒன்றோடொன்று பின்னி வரும். அண்ணன் போகும்போது தம்பி வந்திருப்பான். இவருக்கு நடுக்கண்ணி அறுந்துவிட்டது. தூங்கி எழுந்து பார்த்தால் ஊரே மாறியிருந்த மாதிரி, 23 வயதிலேயே.

பாதையில் ஒரு காலை

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாவட்ட விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போனார். இருட்டில் காலடிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓடுகிறவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பையன்கள். ராணுவத்துக்கான அக்னிவீர் தேர்வு என்றால் அப்போது பதினேழரை வயதிலிருந்து 21 வரை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு என்றால் பொதுப்பிரிவுக்கு 26 வரை, சலுகை உள்ளவர்களுக்கு இன்னும் சில ஆண்டு. ஓரத்தில் நடக்கிறவர்கள் 45 தாண்டியவர்கள், கையில் மஃப்ளர், பேச்சில் சர்க்கரை அளவு. இரண்டுக்கும் நடுவில், 27க்கும் 45க்கும் இடைப்பட்ட ஆள் ஒருவரைக்கூடக் காணவில்லை. ஓடுகிறவர்கள் வேலைக்காக ஓடினார்கள், நடக்கிறவர்கள் மாத்திரையைக் குறைக்க நடந்தார்கள். நடுவயதுக்கு அந்தப் பாதையில் ஒரு காரணமும் இல்லை.

"பார்த்தீர்களா" என்றார் நிருபர். ஜெயித்துவிட்ட குரல். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது தப்பு என்று அங்கே நின்றுகொண்டு சொல்வது கஷ்டம்.

அக்கா வீட்டில்

மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். அக்காவுக்கு வார விடுமுறை. கம்பெனி பஸ் முந்தின இரவு ராயக்கோட்டை ரோட்டில் இறக்கிவிட்டிருந்தது. ஓட்டு வீடு. வாசலில் புளி காயப் போட்டிருந்தார்கள். தங்கை பள்ளிக்குப் போயிருந்தாள்.

அக்கா செய்தித்தாள் துண்டை எடுத்துவந்து சிரித்தாள். "பரவாயில்லை அண்ணா. வீட்டிலும் அம்மா அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள்." இவளுக்கு இன்னும் இவர் "அண்ணா"தான். நிருபர் பையிலிருந்து 2019 படத்தை எடுத்தார். மண் பாதையில் அக்கா, மூச்சு வாங்க, முழங்காலில் கை ஊன்றி நிற்கிறாள். படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு சிறுமி. இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பு. செருப்பை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். ஆகஸ்டில் தங்கை சான்றிதழை அணைத்திருந்தது இதே மாதிரிதான்.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். 2019இல் மாநிலப் போட்டி வரை போய் நான்காவதாக வந்தவள். அடுத்த ஆண்டு போட்டியே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2021இல் ரத்தானது. ஓட்டமும் படிப்பும் ஒன்றும் சொல்லாமல் நின்றுபோயின. "கடைசியாக எப்போது ஓடினாய்?" என்று நான் கேட்டேன். யோசித்தாள். "மாநிலத்தில் ஓடியதுதான் சார் கடைசி. அப்போது அது கடைசி என்று தெரியாது."

2024 ஜூலையில் லார்ட்ஸில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆண்டர்சன் விடைபெற்றார். டிசம்பரில் பிரிஸ்பேனில் அஸ்வின். 2025 மார்ச்சில் சென்னையில் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல். மே மாதம் கோலி டெஸ்டிலிருந்து. ஒவ்வொரு விடைபெறலையும் இந்த நிருபர்தான் தமிழில் எழுதினார், கண்ணீர், கைதட்டல், அணிவகுப்பு எல்லாவற்றோடும். ஆறு ஆண்டில் தருமபுரியிலிருந்து ஒருவர்கூட ஓய்வு பெற்றதாக அவர் எழுதவில்லை. இங்கே யாரும் ஓய்வு பெறுவதில்லை. அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

டீ வந்தது. பேச்சு வேலை, ஷிப்டு, சம்பளம் என்று போயிற்று. அவள் சொன்ன தொகை நிருபர் மாதம் பார்ப்பதைவிட அதிகம். தங்கைக்கு ஓடுவதற்கென்று ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வருகிற தையில் நிச்சயதார்த்தம். கிளம்பும்போது வாசல் வரை வந்தவள், பைக்கையும் ஊக்குக் குத்திய பையையும் பார்த்துவிட்டு, வாஞ்சையாகத்தான் சொன்னாள்:

"அண்ணா, நீங்கள் அப்படியே இருக்கிறீர்கள்."

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். இவர் முகம் சுண்டிவிட்டது. பாலக்கோடு வரை பைக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அவள் சொன்னது உண்மைதானே அண்ணா" என்றார்.

கணிப்பு

அதுவரை வயதைத் தேடிக்கொண்டிருந்த நான் அங்கேதான் வழி மாறினேன். சுற்றறிக்கைகளில் கோடு நகர்ந்தது. இவர் நகரவில்லை. எழுதப்பட்டவர்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், ஷூ வாங்கிக் கொடுக்கிறவர்கள் ஆனார்கள். எழுதியவர் 2019 ஜூனில் எந்தக் கூலிக்குச் சேர்ந்தாரோ ஏறத்தாழ அதிலேயே இருக்கிறார். மைதானத்தில் அவர் சார். அலுவலகத்தில் தம்பி. ஒரே நாளில் காலையில் பெரியவர், இரவில் சிறுவன். முப்பதை நெருங்கும் ஆண்மகனுக்கு இடையில் இருக்க வேண்டிய வயது, குடும்பம் நடத்துகிற, பொறுப்பு ஏற்கிற, பேருக்கு முன்னால் ஏதோ ஒரு பதவி போட்டுக்கொள்கிற வயது, இவருக்கு எந்த இடத்திலும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படாத வயதைத் தாண்டி நேராக மூப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதில் என் பங்கு தெளிவானது. ஆறு ஆண்டாக அவரைத் தம்பி என்று கூப்பிட்டவன் நான். பாசமாகத்தான் கூப்பிட்டேன். ஆனால் சம்பள உயர்வு கேட்டு அவர் எழுதிய கடிதம் மேலே போனபோது, "தம்பிதானே, பொறுப்பான்" என்று ஒரு கூட்டத்தில் சொன்ன வாயும் என்னுடையதுதான். விளிப்புக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

மருத்துவர் யாரிடமும் காட்டவில்லை, தேவையும் படவில்லை. நடந்த மாற்றங்கள் சில்லறை. முழுநேர வேலைக்கான குறிப்பை மறுபடி மேலே அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. நான் அவரை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், முதல் வாரம் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. ஜெயித்த பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து அவரவர் கையாலேயே பெயரை எழுதி வாங்குகிறார். இது அவராகக் கண்டுபிடித்தது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மாறுகிறது.

அக்டோபரில் வருவாய் மாவட்ட அளவிலான போட்டிக்கு நானும் போயிருந்தேன். இரவு பெய்த மழையில் ஓடுபாதை ஊறிக் கிடந்தது. 400 மீட்டரில் தங்கை இரண்டாவதாக வந்தாள், புது ஷூ முழுக்கச் சேறு. மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து நிருபர் நோட்டை நீட்டினார். முன்னெழுத்தோடு பெயரை எழுதி, கீழே யாரும் கேட்காமலே பிறந்த தேதியையும் எழுதினாள். பிறகு முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இதில் எல்லோர் பெயரும் இருக்கிறதே சார், பேப்பரில் உங்கள் பெயரைப் போட மாட்டார்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஓடுபாதையைப் பார்த்தேன். 600 மீட்டருக்கு வரச்சொல்லி மைக்கில் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.